பதினாலாவது சொட்டு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு நம்பர் அக்கா என்று பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். எதைக் கேட்டாலும் எண்ணில் பதில் வரும். காய்ச்சலா என்றால் நூற்றொன்று புள்ளி இரண்டு என்பாள். சாப்பிட்டாச்சா என்றால் ஒன்றே காலுக்கு என்பாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "நம்ம கல்யாணத்துக்கு எத்தனை மார்க் போடுவே?" என்று ஒரு நாள் கேட்டான். "இன்னும் சாம்பிள் பத்தல" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

இப்பேர்ப்பட்டவள் ஒரு பொய்யான எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, அந்தப் பழியைத் தூக்கி வீட்டில் இருந்த ஒரு வாயில்லாப் பூச்சியின் தலையில் போட்டாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். அவளே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பாள், மூன்றாவது வரிக்கு வெட்கம் விட்டிருக்காது.

கூடத்தில் அவள் கறாரென்றால் அப்படியொரு கறார். காலையில் கருவியைத் திறந்ததும் முதலில் கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். கன்ட்ரோல் என்பது வேறொன்றுமில்லை, சர்க்கரை இவ்வளவு உப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு திரவம், சின்னக் குப்பியில் வரும். கருவி அதற்குச் சரியான எண்ணைச் சொன்னால்தான் நோயாளியின் ரத்தத்தைத் தொடலாம். கருவி உளறினால் அன்றைக்கு ரிப்போர்ட் கிடையாது, வாசலில் அமைச்சரே நின்றாலும் கிடையாது. பதினெட்டு வருடமாக ஒரு நாள்கூட அவள் இதைத் தவறவிட்டதில்லை.

வீட்டு ஹாலில் அவளுடைய இன்னொரு கூடம் இருந்தது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் பவளங்கள். சாதாரண மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியைத் தூவிவிட்டுத் தூங்கப் போகலாம், பவளம் வளர்க்கிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடிகட்டிய தண்ணீரில் உப்புத் தூளை அளந்து கலக்கிக் கடலைச் சமைக்க வேண்டும். பவளம் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் எலும்பைக் கட்டிக்கொள்கிற ஜீவன். அது எடுக்க எடுக்கத் தண்ணீரின் காரத்தன்மை இறங்கும். இறங்கியதை அளந்து, காரக் கரைசலை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். அவள் பிடித்து வைத்திருந்த எண் எட்டு.

ஞாயிறும் புதனும் சாயங்காலம் அளப்பாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை ஐந்து மில்லி எடுத்து, சோதனைப் பாட்டிலைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள். முதல் சொட்டில் தண்ணீர் நீலமாகும். எத்தனையாவது சொட்டில் மஞ்சளாக மாறுகிறதோ அதுதான் காரத்தன்மை. தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிய தாளில் தேதி போட்டு எழுதுவாள். எட்டு, எட்டு, எட்டு. ஏழு வந்தால் மறுநாளிலிருந்து கரைசலைக் கொஞ்சம் கூட்டுவாள், மறுபடி எட்டு. அந்தத் தாளைப் பார்ப்பதே அவளுக்கு ஒரு சந்தோஷம்.

அந்தச் சோதனைப் பாட்டிலின் மூடியில் ஒரு விரிசல் விழுந்து எட்டு மாதமாகியிருந்தது. டேப்பைச் சுற்றி, தொட்டிக்குக் கீழே அலமாரியில், சூடாக ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். புதுப் பாட்டில் ஒன்று சீல் உடையாமல் மேசை டிராயரில் கிடந்தது. பழையதில் கடைசிச் சொட்டு இருக்கும்வரை புதியதைத் தொடுவதில்லை என்பது அவள் வீட்டுச் சட்டம். பற்பசையைக்கூட அவள் கத்தரித்துத் திறந்து வழித்துத்தான் தூக்கிப் போடுவாள்.

இனி மாமனார். முப்பத்துநாலு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே ஸ்டியரிங் இல்லாமல் கை நடுங்குகிறது என்று மகனிடம் சொல்லி, பழைய கார் ஒன்றை வாங்க வைத்தார். அன்றிலிருந்து காலை ஆறரைக்கு மருமகளைக் கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. வண்டியில் இருவரும் பேசிக்கொள்வது குறைவு. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து பஸ் டிரைவரைப் பார்த்து, "கிளட்ச்ச மிதிச்சே கொல்றான்" என்பார். அவள் சிரிப்பாள். ஆறு வருடமாக இதே கதைதான், இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் அவர் மட்டும் இருப்பார். தொட்டிக்கு முன் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மேலும் கீழும் ஓயாமல் அலைகிற ஆரஞ்சு நிறக் கோமாளி மீனுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். கண்டக்டருக்குத் தீனி போடுவதும் அவர்தான். மூட்டு வலிக்குத் தைலம் தடவுகிற பழக்கம் அவருக்கு உண்டு. கையைக் கழுவாமல் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று அவள் ஒரு முறை சொல்லியிருந்தாள். தலையை ஆட்டினார். அதற்கப்புறம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவும் சத்தம் கேட்காமல் அவர் தீனி டப்பாவைத் திறந்ததில்லை.

ஒரு புதன்கிழமை தொட்டியில் இருந்ததிலேயே அழகான பவளத்துக்கு நுனி வெளுத்தது. விரல் நீளத் துண்டாக வாங்கி, நாலு வருடத்தில் இரண்டு கை அகலத்துக்கு அவள் வளர்த்தெடுத்த ஊதா நிறக் கொம்புப் பவளம் அது. வெள்ளிக்கிழமைக்குள் வெளுப்பு அரை விரல் இறங்கியது. தண்ணீருக்கு மேல் எண்ணெய்ப் படலம் போல ஏதோ மிதந்தது. அவள் அளந்தாள். எட்டு. மறுபடி அளந்தாள். எட்டு. தண்ணீர் சரி, உப்பு சரி, சூடு சரி. எல்லா எண்ணும் சரியாக இருக்கும்போது யாரோ எதையோ செய்திருக்க வேண்டும். வீட்டில் பகலில் இருப்பவர் ஒருவர்தான்.

"மாமா, தொட்டிக்குள்ள கையை விட்டீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "இல்லையேம்மா. ரெண்டு விரல்ல எடுத்து மேல தூவினேன், அவ்வளவுதான்."

"தைலம் தடவிட்டு?"

"கையைக் கழுவிட்டுத்தான் போடுவேன். நீ சொன்னதுலேர்ந்து அப்படித்தானே."

"தண்ணி மேல எண்ணெய் மிதக்குது மாமா. நம்ம வீட்ல வேற யாரு தைலம் தடவறா?"

அவர் எழுந்து வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். "அந்த ஹீட்டரைப் பாத்தியாம்மா? வெள்ளையா படிஞ்சிருக்கு. மோட்டார் வாயிலயும் இருக்கு. ரேடியேட்டர்ல கெட்ட தண்ணி ஊத்தினா உள்ள இப்படித்தான் படியும். தண்ணியிலதான் ஏதோ..."

"மாமா, இது பஸ் இல்ல. தண்ணியை நான் அளந்துட்டேன். எட்டு இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வளர்த்த பொருள் கண்ணெதிரே சாகும்போது மனிதர்களுக்கு வாய் நீண்டுவிடுகிறது. "போன வாரம் மாடித் தொட்டி மோட்டாரைப் போட்டுட்டு மறந்துட்டீங்க. தண்ணி வழிஞ்சு கீழ் வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. அது ஞாபகம் இருக்கா? இதுவும் அப்படித்தான். பண்ணியிருப்பீங்க, உங்களுக்கு மறந்திருக்கும்."

மகன் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "விடேன், அப்பா வேணும்னா செஞ்சார்?" என்றான். அவருக்குப் பரிந்து பேசுவதாக அவன் நினைப்பு. பெரியவர் மருமகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைத் திருப்பி, அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது மாதிரி பார்த்தார்.

"இருக்கும்மா" என்றார். "மறந்திருக்கும்."

அன்றைக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து பால்கனியில் போட்டுக்கொண்டார். நாலு நாள் கழித்துக் காலை ஆறு இருபதுக்கு அவள் கைப்பையோடு வந்தபோது கார் சாவி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

"இன்னிக்கு நீ பஸ்ல போயிக்கோம்மா."

"கால் வலியா மாமா?"

"கால் இல்ல" என்றார். அவளுக்கு நேரமாகிவிட்டது.

விஷயம் சாயங்காலம் கணவன் மூலம் வெளியே வந்தது. பெரியவரின் லைசன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். "'பண்ணதே ஞாபகம் இல்லாதவன் கையில ஸ்டியரிங்கைக் குடுக்கக் கூடாதுடா'ன்னார்" என்றான் கணவன். அந்த ஊர்ச் சட்டப்படி கெடு தாண்டினால் சும்மா புதுப்பிக்கவும் முடியாது, பச்சைக் குழந்தை மாதிரி முதலிலிருந்து பழகுநர் உரிமம் வாங்கி, டெஸ்ட் கொடுக்க வேண்டும். "அதுவும் நல்லதுதான். வயசாகுது. நாமளா சொல்ல முடியாம இருந்தோம்" என்றான்.

அவளும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை முறை கூனிக் குறுகினாள் என்பதற்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கூடத்தில் ஒரு காலை, சர்க்கரை பார்க்கிற கருவியில் கன்ட்ரோல் உதைத்தது. நூறு காட்ட வேண்டிய இடத்தில் எழுபது. பக்கத்து இருக்கைக்காரி இருபது வருட அனுபவஸ்தி, கொட்டாவியை முடிக்காமலே சொன்னாள், "நேத்து ரசாயனக் குப்பியை யாரோ சரியா மூடல. ராத்திரியெல்லாம் ஆவியாகிக் கெட்டியாயிருக்கும். கெட்டியானா அப்புறம் அது சொல்றதெல்லாம் தப்புதான். கீழ கொட்டு, புதுசை எடு."

"கன்ட்ரோல் ஓட்டாம இருந்திருந்தா நூறு பேருக்குத் தப்பா ரிப்போர்ட் போயிருக்கும்" என்று நம்பர் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். பதினோரு மணி சுமாருக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, டேப் சுற்றிய அந்த மூடி நினைவுக்கு வந்தது. குழாயை மூட மறந்து நின்றாள். யாரோ வந்து மூடினார்கள்.

பஸ்ஸில் வீடு திரும்ப முப்பத்தைந்து நிமிடம். ஹாலில் பையை வைத்தாள், டிராயரைத் திறந்து புதுப் பாட்டிலின் சீலை உடைத்தாள். ஐந்து மில்லி தண்ணீர். முதல் சொட்டு, நீலம். ஐந்து, ஆறு, ஏழு, நீலம். எட்டாவது சொட்டில் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நல்ல நீலம். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு, பதின்மூன்று. பதினாலாவது சொட்டில்தான் தண்ணீர் மஞ்சளானது.

நம்பர் அக்கா ஆயிற்றே, விடுவாளா? மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் பதினாலு. பழைய பாட்டிலை எடுத்து அதே தண்ணீரில் விட்டாள். சமர்த்தாக எட்டு என்றது.

அத்தனையும் விளங்கிவிட்டது. விரிசல் வழியாகப் பாட்டிலில் இருந்தது ஆவியாகிக் கெட்டியாகிவிட்டது. கெட்டியானால் கொஞ்சம் சொட்டே போதும், எண் குறைவாக வரும். குறைவென்று நம்பி அவள் கரைசலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். பவளத்தைச் சுட்டது அவள் கை. மிஞ்சிய சுண்ணாம்பு ஹீட்டரிலும் மோட்டாரிலும் படிந்திருக்கிறது. மோட்டார் திணறி மேல்தண்ணீர் அசையாமல் நின்றதால் படலம் மிதந்திருக்கிறது. ரேடியேட்டர் என்று ஒருவர் சொன்னாரே. கன்ட்ரோல் இல்லாமல் ரிப்போர்ட் தரக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், தன் வீட்டுத் தொட்டிக்கு எட்டு மாதமாகக் கன்ட்ரோல் ஓட்டவில்லை. அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு மனிதரின் மூளைக்கு நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பால்கனியில் அவர் இவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பனியனுக்கு மேல் கழுத்து ஒல்லியாகத் தெரிந்தது. இருபது அடி எடுத்து வைத்தால் போதும், மாமா தப்பு என்னுது என்று சொல்லிவிடலாம். அவள் இரண்டு அடி எடுத்து வைத்தாள். பிறகு திரும்பி வந்து குழாய்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

முதலில் தொட்டியைக் காப்பாற்றுவோம், அப்புறம் நிதானமாகச் சொல்லுவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல சட்டை தைக்க முடியாது. கரைசல் ஊற்றுவதை நிறுத்தினாள். காரத்தைத் தடாலென்று இறக்கினால் மிச்ச உயிரும் போய்விடும் என்பதால், இரண்டு நாளைக்கு ஒரு முறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலக்கியதை ஊற்றினாள். மோட்டாரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டு வெள்ளையைச் சுரண்டினாள். இதையெல்லாம் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, கண்டக்டர் மட்டும் பார்க்கச் செய்தாள். சுவரில் இருந்த தாளைக் கிழித்து மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாள்.

மோட்டார் சுத்தமான மறுநாளே படலம் காணாமல் போயிற்று. இரண்டு வாரத்தில் வெளுப்பு இறங்குவது நின்றது. மூன்றாவது வாரம் கொம்புகளில் பூ விரிந்த மாதிரி சின்னச் சின்ன வாய்கள் மறுபடி திறந்தன. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

"பாத்தியா?" என்றான் கணவன், கண்ணாடியைத் தட்டி. "அப்பா ஒதுங்கினதும் எப்படித் தெளிஞ்சிருச்சு!"

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் பெரியவர் காபிக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஹாலுக்கு வந்திருக்கிறார். தொட்டியை நாலு அடி தள்ளி நின்று பார்த்தார். முகத்தில் ஒரு திருப்திகூட இருந்தது.

"பொழைச்சிருச்சா?" என்றார். "நல்லதும்மா. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துது, சும்மா சொல்றாங்களோன்னு. நான் ஒதுங்கினதும் பொழைச்சிருச்சுன்னா அப்ப நான்தான்."

திருட்டுத்தனமாகச் செய்த நல்ல காரியம்கூட அவர் மீதே சாட்சி சொல்லிவிட்டது. அந்த இடத்தில் பேசியிருந்தால் பாதிப் பாவமாவது கழிந்திருக்கும். அவள் அடுப்படிக்குப் போய், காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதக் கடைசி நாள் வியாழக்கிழமை வந்தது. லைசன்ஸ் ஆபீஸ் ஐந்து மணிவரை திறந்திருக்கும். அவள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள், சொல்லியே தீருவது என்று. மூன்றரைக்கு பால்கனிக்குப் போனாள்.

"மாமா..."

"என்னம்மா, சீக்கிரம் வந்துட்டே? தலைவலியா?"

அந்தக் கேள்வியில் அக்கறை இருந்தது. அதுதான் அவளைக் கவிழ்த்தது. திட்டியிருந்தால் சொல்லியிருப்பாள். "ஆமா மாமா, கொஞ்சம் தலைவலி" என்றாள். அவர் எழுந்துபோய், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் இல்லாத தலைவலிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மணி ஐந்தாயிற்று.

மறுநாள் சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த அவர் சட்டையின் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. நனைந்துவிடுமே என்று எடுத்தவள் பிரித்துப் பார்த்தாள். பேருந்து டிரைவர்கள் எழுதும் டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்டு, மணி ஒரு பக்கம், செய்தது ஒரு பக்கம்.

6.10 எழுந்தேன். 6.40 அடுப்பை அணைத்தேன். திரும்பப் போய்ப் பார்த்தேன், அணைந்திருக்கிறது. 9.00 மோட்டார் போட்டேன். 9.20 மோட்டார் நிறுத்தினேன். 11.00 தொட்டிப் பக்கம் போகவில்லை. 2.00 தொட்டிப் பக்கம் போகவில்லை. 4.00 தொட்டிப் பக்கம் போகவில்லை.

எல்லா நாளும் இப்படியே. ஒவ்வொரு நாளின் முடிவிலும் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பணிமனை, மரப்பாலம், பழைய சந்தை, பெரிய பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று ஓடியது. அவர் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்கள். அவள் எண்ணினாள், எண்ணாமல் இருக்க அவளால் முடியாதே. நாற்பத்தொன்று. முந்தின நாளிலும் நாற்பத்தொன்று. அதற்கு முந்தின நாளிலும், அதே வரிசையில், ஒன்று பிசகாமல் நாற்பத்தொன்று.

முதலிலேயே விடை தெரிந்த ஒன்றைத் தினமும் தன் தலைக்குக் கொடுத்து, தலை சரியாகச் சொல்கிறதா என்று அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இருந்தும் அவர் தன் தலையை நம்பவில்லை, இவள் எண்ணைத்தான் நம்பினார். துவைக்கிற இடத்தில் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் அழுதாள். அழுகை ஒரு காசுக்கு உதவாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கணவன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தாள். மகன் முன்னால் போட்ட பழியை மகன் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

"மாமா, ஹாலுக்கு வரீங்களா?"

"அங்க வேணாம்மா. இங்கயே சொல்லு."

"வாங்க மாமா."

வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மேசையில் இரண்டு குழாய்களை வைத்து, இரண்டிலும் தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். டேப் சுற்றிய பாட்டிலை ஒரு பக்கமும் புதியதை ஒரு பக்கமும் வைத்தாள்.

"நான் சொட்டு விடறேன். நீங்க எண்ணுங்க. மஞ்சளானா சொல்லுங்க."

"நான் எண்ணித் தப்பா..."

"தப்பா வராது மாமா. எண்ணுங்க."

பழைய பாட்டிலில் விட்டாள். அவர் உதடு அசைந்தது. "அஞ்சு" என்றார். புதிய பாட்டிலில் விட்டாள். அவர் சத்தமாகவே எண்ணினார். "ஒன்பது."

"ஒரே தண்ணி மாமா."

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. பெரியவருக்கு ஆகவில்லை. பழைய பாட்டிலை எடுத்து, டேப்பின் விளிம்பை நகத்தால் நெருடி, விரிசலைப் பார்த்தார். "இது பொய் சொல்லுது" என்றார்.

"ஆமா மாமா. இது எட்டுன்னு சொன்னப்ப நிஜத்துல பதினாலு. நான்தான் காரத்தை ஊத்தி ஊத்திப் பவளத்தைக் கொன்னேன். நீங்க ஒண்ணுமே பண்ணல. ஹீட்டர்ல படிஞ்சிருக்குன்னு நீங்க சொன்னது சரி. நான் இந்தப் பாட்டிலை நம்பினேன், உங்களை நம்பல."

"அப்ப நான் கையை விடல."

"விடல மாமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் களை வந்தது. அடுத்த கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும், வந்தது.

"எப்பத் தெரிஞ்சுதும்மா உனக்கு?"

பூசி மெழுக ஒரு வழி இருந்தது. நேற்று என்று சொல்லலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அவள் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கடைசியில் பதினாலு என்று தேதியோடு எழுதியிருந்தது.

"மூணு வாரமா தெரியும் மாமா. நேத்து தலைவலின்னு சொன்னது பொய். சொல்லத்தான் வந்தேன். வெக்கமா இருந்துது."

"மூணு வாரமாவா?" என்றான் கணவன். அவன் குரல் அப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. பெரியவர் கையைக் காட்டி அவனை அடக்கினார். "நீயும்தானேடா நம்பினே" என்றார்.

"லைசன்ஸ் நேத்தோட முடிஞ்சிருச்சும்மா" என்றார் பிறகு. கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாடி மோட்டார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதையும் இல்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "அது நிஜமா மறந்தீங்க மாமா. ஒரே ஒரு தடவை."

"அது எனக்கே தெரியும்" என்றார். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் அதுவும் ஒரு வெட்கக்கேடுதான்.

முப்பத்துநாலு வருடம் பேருந்து ஓட்டியவர் காரின் முன்னும் பின்னும் சிவப்பில் எல் போர்டு கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டினார். பக்கத்தில் மகன், பின் சீட்டில் மருமகள். "என்ன டிரைவர், புதுசா பழகறீங்களா?" என்று தெருமுனை சலூன்காரர் கேட்டார். "ஆமா, பிரேக் எதுன்னு இன்னிக்குத்தான் காட்டினாங்க" என்றார் பெரியவர். சலூனே சிரித்தது. பின் சீட்டில் இருந்தவளுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டெஸ்ட் அன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே வரிசையில் நின்றார். பரிசோதகர் படிவத்தைப் பார்க்காமலே, "எத்தனை நாள் பழகினீங்க பெரியவரே?" என்று கேட்டார். "முப்பத்துநாலு வருஷம்." பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். வண்டியைப் பின்பக்கமாக எடுத்து ஒரே திருப்பில் கோட்டுக்குள் நிறுத்தியதும், "லைசன்ஸை என்னத்துக்குய்யா விட்டீங்க?" என்றார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம்பர் அக்காவுக்கு அது கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை.

இப்போது காலை ஆறரைக்கு மறுபடி கார் கிளம்புகிறது. தொட்டிக்கு முன் நாற்காலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதலில், காரம் இவ்வளவு என்று தெரிந்த கரைசலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டித் தண்ணீரை எடுக்கிறாள். சொட்டுகளை எண்ணுவது அவர். கொம்புப் பவளத்தில் இறந்த நுனிகள் இறந்தவைதான், அவற்றுக்கு அடியில் ஊதா மெல்ல மேலே ஏறுகிறது.

ஆனால் நோட்டு நிற்கவில்லை. போன திங்கட்கிழமை கூடத்து வாசலில் அவள் இறங்கக் கதவைத் திறந்தபோது அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நேரே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வீட்டைப் பூட்டினேனாம்மா?"

முன்பு ஒரு நாளும் அவர் இதைக் கேட்டதில்லை. ஆறு வருடத்தில் ஒரு நாளும் இல்லை.

"பூட்டினீங்க மாமா. ரெண்டு தடவை இழுத்துப் பாத்தீங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுதினார். அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, உள்ளே கருவி காத்திருந்தது. அவர் எழுதி முடிக்கிறவரை அவள் இறங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.